அறுபத்திரண்டாவது

ராயக்கோட்டை சாலையில்
பேட்டரிக் கடைக்கு மேலே என் அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
பகலில் இங்கே பதிவாவது
மாங்காய் மண்டி ஏல அறிவிப்பு,
பிரியாணிக் கடைத் திறப்பு விழா,
தேர்தல் வந்தால்
இரண்டு கட்சிக்கும் என் ஒரே குரல்.

நஞ்சுண்டேஸ்வரியும் மரகதவல்லியும்
ஆனி மாதத்தில் வந்தார்கள், இரவு பதினொன்றுக்கு.
ஒருத்தி ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து
சீருடையோடு.
இன்னொருத்தி மாங்கூழ் ஆலையிலிருந்து,
விரலிடுக்கில் மஞ்சள் போகாமல்.
ஆறு மந்திரம், ஐந்து கவிதை, ஒரு ஆல்பம்.
மந்திரத்துக்கு மரகதத்தின் தொண்டை.
கவிதைக்கு ஈஸ்வரியின் நோட்டு;
அதன் கடைசிப் பக்கங்களில் சீட்டுக் கணக்கு.

இருவருக்கும் பேச்சு நின்று
மூன்று வாரம் ஆகியிருந்தது.
அட்டையில் யார் பெயர் முதலில் என்பதில்.
"சுருதியோட சேர்ந்து வரச் சொல்லுங்கண்ணா"
என்பாள் ஒருத்தி என்னிடம்,
கையெட்டும் தூரத்தில் நிற்பவளுக்காக.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும்.
ஏ.சி.யையும்.
மைக் எல்லாம் கேட்கிற ஜந்து.
வளையலை, எச்சில் விழுங்குவதை,
சேலத்துக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ
திரும்புகிற லாரி கியர் மாற்றுவதை.
நாலு பக்கமும் நெடுஞ்சாலை போட்டுக்கொண்ட ஊரில்
அமைதி என்பது
இரண்டு கிரானைட் வண்டிக்கு நடுவே
நாற்பது நொடி.
கவிதைகளை அப்படித்தான் எடுத்தோம்,
துண்டு துண்டாக.
பெரிய மந்திரத்துக்கு மட்டும்
லாரி ஸ்டிரைக் வரும்வரை காத்திருந்தோம்.

வந்தது, ஒரு செவ்வாய் இரவு.
அப்போதும் யோசனை சொன்னேன்:
ஒரு தடவை சுத்தமாப் பாடுங்க,
மீதி நூற்றியேழை நான் ஒட்டித் தர்றேன்.
சாமிக்கும் தெரியாது, கேக்கறவங்களுக்கும் தெரியாது.
மூன்று வாரத்தில் முதல்முறையாக
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"எண்ணிக்கங்கண்ணா" என்றாள் மரகதம்.

பழைய கேபிள் பெட்டியில் கிடந்த திருகாணிகளை
நூற்றியெட்டு எண்ணிக் குவித்தேன்.
ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளினேன்.
இருபதில் குரல் அழகாக இருந்தது.
நாற்பதில் அழகு போய்
வெறும் வேலையாக இருந்தது,
ஆலையில் நின்றுகொண்டே கொட்டை எடுப்பதுபோல.
அறுபத்திரண்டாவதில்
மரகதத்துக்குக் குரல் உடைந்து
பாதி எழுத்தில் நின்றது.

மீதி எழுத்தை ஈஸ்வரி எடுத்தாள்.
அவள் வாசிக்க வந்தவள்.
பாடத் தெரியாது.
அரைக்கட்டை கீழே
நனைந்த தீக்குச்சி உரசுகிற மாதிரி எடுத்தாள்.
அந்த நேரம் பார்த்து
ஸ்டிரைக்கை மதிக்காத ஏதோ ஒரு வண்டி
மேம்பாலத்தில் ஏர்ஹாரனை அழுத்தியது,
நீளமாக.

கை பொத்தான்மேல்தான் இருந்தது.
எனக்கு பக்தி கிடையாது,
மின்கட்டணம் உண்டு.
ஆனாலும் நிறுத்தவில்லை.

முடிந்தது என்றார்கள்.
வலப்பக்கம் ஒரு திருகாணி மிச்சம்.
நான் தள்ள மறந்ததா,
அவர்கள் பாட மறந்ததா, தெரியாது.
"இன்னொண்ணு பாடிரலாமாடி?"
ஈஸ்வரி கேட்டாள்,
என்னிடம் இல்லை.

பாடினார்கள்.
அதே மூச்சில், நோட்டைப் பிரிக்காமல்,
ஈஸ்வரி சொன்ன கவிதையும் பதிவில் இருக்கிறது:

கதவில்லாத வீட்டுக்குப்
பூட்டு வாங்கி வந்தேன்.
தொலைப்பேன் என்று தெரியும்,
சாவியை நீ வைத்துக்கொள்.

ஆல்பம் ஆவணியில் வெளியானது.
அட்டையில் ஒரு திருகாணிப் படம்,
பெயர் ஒன்றும் இல்லை.
உடைந்த இடத்தை வெட்டச் சொல்வார்கள் என்றிருந்தேன்,
சொல்லவில்லை.
ஹாரனையும் விட்டுவைத்தேன்.

கீழே கடையில் இம்தியாஸ் பாய்
டீயோடு முழுசாகக் கேட்டார்.
"நடுவுல சங்கு யாருப்பா ஊதினது?"
ஆந்திரா வண்டி பாய், என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, தொழில் தெரிந்தவராக,
"நல்ல பேட்டரி" என்றார்.